கண்டக்டரம்மா தோண்டச் சொன்ன குழி

கண்டக்டரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவருடைய குரல் ஓய்வு பெறவில்லை. பஸ்ஸின் பின்படிக்கட்டில் நின்று டிரைவர் காதுக்கு எட்டும்படி பேசிப் பழகிய குரல். அடுக்களைக்குள் இருந்து "யாரு?" என்று கேட்டால், தெருவில் சும்மா போகிறவர்கூட நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார். அவருடைய கணவர் வீட்டை ஒட்டி மரப்பட்டறை வைத்திருக்கிறவர். "எங்க வீட்டுல ரெண்டு மிஷின் ஓடுது, ஒண்ணுக்குத்தான் சுவிட்ச் இருக்கு" என்பார்.

தேனீக்களும் பஸ்ஸில்தான் வந்தன. டிப்போவில் நின்றிருந்த வண்டியின் கடைசி சீட்டுக்கு அடியில் ஒருநாள் ஒரு கூட்டம் வந்து தொங்கியது. மெக்கானிக்குகள் துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். "ஏறின பயணிய எரிச்சு இறக்கணும்னு எந்த ரூல்ல இருக்கு?" என்று கண்டக்டரம்மா அவர்களை விரட்டிவிட்டு, உதிரிபாகம் வந்த அட்டைப் பெட்டி ஒன்றை அடியில் பிடித்து சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. கணவர் மிச்சப் பலகையில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அந்த ஒன்று பெருகி, பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மனை நிறைய வரிசை வரிசையாகப் பெட்டிகள் ஆயின. ஓய்வுக்குப் பிறகு அதுவே பிழைப்பு. தேன் விற்பார். பூ பூக்கும் பருவத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெட்டிகளை வாடகைக்கு அனுப்புவார்.

கண்டக்டரம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வண்டி பிதுங்கிக்கொண்டும் அடுத்த வண்டி காலியாகவும் போனால் அவருக்குப் பொறுக்காது. தேனீக்களிடமும் அதே விதிதான். ஒரு பெட்டியில் கூட்டம் மெலிந்தால், பலமான பெட்டியிலிருந்து குஞ்சுப் புழு நிறைந்த ஒரு மரச்சட்டத்தை, தேனடையும் தேனீயுமாக அப்படியே உருவி அதில் செருகுவார். "பின்னாடி காலியா இருக்கு, தள்ளிப் போங்க" என்று அவற்றிடம் சொல்லவும் செய்வார். இந்த நல்ல மனதுதான் பிறகு வினையாக வந்தது.

பலமான பெட்டிகள் என்றால் சம்பந்தி கொடுத்த இரண்டும்தான். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வீட்டு முன்னறையிலேயே கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். அவரும் தேனீ வளர்த்தார். பட்டறைக்குப் பெட்டி வாங்க மகளோடு வந்தார். பெட்டி தயாராகும் முன்பே இந்த வீட்டுப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பேச்சு தயாராகிவிட்டது. கல்யாணம் முடிந்ததும் தன் பெட்டிகளில் நல்லதாக இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே ஒரு காகிதப் பொட்டலமும் கொடுத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் பொடி.

"சீசனுக்கு ஒரு தடவை சர்க்கரையில கலந்து தூவிடுங்க, சம்பந்தியம்மா. சத்து மாதிரி."

நன்றாக இருக்கிற பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று கண்டக்டரம்மா அதைப் பட்டறை அலமாரியில் வைத்தார். அதோடு மறந்தும் போனார்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கணவன் வெளியூர் வேலையில் இருந்து வாரக்கடைசியில்தான் வருவான் என்பதால், காலையில் கடைக்குப் போகும் முன் மாமியாரோடு பெட்டிகளைத் திறப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. மாமியாருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகிவிட்டது. கண்ணாடி போடச் சொன்னால், "தூரத்துல வர செக்கிங் இன்ஸ்பெக்டர் தெரியறாரு, அது போதும்" என்பார்.

தோட்டங்கள் பூப்பதற்குக் கொஞ்ச நாள் இருந்தபோது, சம்பந்தி கொடுத்த பெட்டி ஒன்றின் மூடியைத் தூக்கியதும் இருவருக்கும் ஒரு வாடை அடித்தது. மரப்பசையைச் சூடாக்கி மறந்துபோய் விட்டுவிட்ட மாதிரி. அடையைத் தூக்கிப் பார்த்தாள் மருமகள். சீராக மூடியிருக்க வேண்டிய அறைகள், மணி உதிர்ந்த சோளக்கதிர் போல அங்கங்கே சொட்டையாக இருந்தன. மூடிகள் உள்வாங்கி, சிலவற்றில் ஓட்டை.

"அத்தை, ஒரு தீக்குச்சி குடுங்க."

ஓர் அறைக்குள் குச்சியை விட்டு மெதுவாக வெளியே இழுத்தாள். வெள்ளையாகச் சுருண்டு கிடக்க வேண்டிய புழு, பழுப்பு நிறக் கூழாகி, குச்சியோடு நூலாக நீண்டு வந்தது. அறுபடாமல் நீண்டது.

கண்டக்டரம்மா அன்று முதல்முறையாகச் சின்னக் குரலில் பேசினார். "மூடி வை. கையக் கழுவு. அந்தக் குச்சியக் கீழ போடாத."

கால்நடை மருத்துவர் மறுநாள் வந்தார். கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த பெண். அவர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். நூல் வந்தது மூன்று பெட்டிகளில். சம்பந்தி கொடுத்த இரண்டு, அவற்றிலிருந்து சட்டம் வாங்கிய ஒன்று. எந்தெந்தப் பெட்டிக்குச் சட்டம் மாற்றினீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க, கண்டக்டரம்மாவின் விரல் வரிசையில் ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே போனது. பாதி வரிசை வந்துவிட்டது.

"அப்ப நானே டிக்கெட் குடுத்து ஏத்தி விட்டிருக்கேன்."

"ஆமாம்மா" என்றார் டாக்டர். மழுப்பவில்லை. "புழு அழுகல் நோய். ஆன்டிபயாடிக் இருக்கு, எழுதித் தரேன். ஆனா முழுசாக் கேளுங்க. மருந்து கிருமியக் கொல்லும். அதோட விதையக் கொல்லாது. அது மெழுகுல, தேன்ல, பலகை இடுக்குல வருஷக்கணக்காத் தூங்கும். மருந்த நிறுத்தினா எழுந்துக்கும். அதனால நூல் வந்தது மூணையும் எரிச்சுடணும். மத்த பொட்டியில இருக்கறதுகளப் புது சட்டத்துல உதறி விட்டு, பழைய அடை அத்தனையும் அழிச்சுட்டு, அப்புறம்தான் மருந்து. இந்த சீசன் தேன் ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது, அதுல மருந்து இருக்கும். பொட்டியும் தோட்டத்துக்குப் போகக் கூடாது. மருந்து முடிஞ்சப்புறம் விட்டு விட்டுத் திறந்து பாக்கணும். அப்பவும் நோய் வரலன்னாதான் ஜெயிச்சோம்."

"பொட்டியாவது மிஞ்சுமா?" என்றார் கணவர். ஒவ்வொன்றின் மூலைப் பொருத்தும் அவர் கையால் இழைத்தது.

"நோய் வராத பொட்டிக்கு உள்பக்கம் தீ ஜுவாலை காட்டிக் கருக்கிட்டா வெச்சுக்கலாம். மூணும் போனது போனதுதான்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பக்கத்துல வேற யாரு வளக்கறாங்க?"

மருமகள் தரையைப் பார்த்தாள்.

"வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். எங்க சம்பந்தி" என்றார் கண்டக்டரம்மா.

"அவரு பொட்டியும் பாக்கணும். அங்க நோய் இருந்தா, இங்க நீங்க எத்தனை எரிச்சாலும் பிரயோஜனமில்ல. உங்க தேனீ அங்க போய்த் தேன் திருடும், விதையோட வரும். நான் போய்க் கேட்டா ஆபீஸ்லருந்து வந்துட்டாங்கன்னு பூட்டிப்பாரு. முதல்ல நீங்க பேசுங்க."

அன்று சாயங்காலம் மருமகள் அடுக்களை மேடையில் இருந்த தேன் புட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த புட்டி.

"இது அப்பா குடுத்த தேன், அத்தை. இத டெஸ்டுக்கு அனுப்பினா அதுல விதை இருக்கான்னு தெரிஞ்சுடுமாம். டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சு என்ன பண்றது? திருட்டுத்தனமாத் தெரிஞ்சுக்கிட்டு அவர் முகத்தைப் பாத்து எப்படி எரின்னு சொல்றது? நானே கேக்கறேன்."

"கோவப்படுவாரு. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல நான்தான் மாட்டிப்பேன்."

கண்டக்டரம்மா யோசித்தார். பொய்யாக ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. "மாட்டிப்பேதான். அதுக்காக விட முடியாதும்மா. விட்டா ரெண்டு வீட்டுலயும் காலிப் பொட்டிதான் மிஞ்சும்."

மறுநாள் அவர் தனியாகவே போனார். கடிகாரச் சம்பந்தி முன்னறை மேசையில், ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுபவை சுவர்க் கடிகாரங்களும் கொல்லைப்புறத் தேனீக்களும் மட்டும்தான்.

"வாங்க வாங்க. என்ன, தெருமுனையிலேயே குரல் கேக்கலயே? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, இரும்பு. சம்பந்தி, நீங்க குடுத்த ரெண்டு பொட்டியையும் எரிக்கப் போறேன். சொல்லாம எரிக்கறது மரியாதை இல்லன்னு வந்தேன்."

அவர் லென்ஸை எடுத்தார். "எரிக்கறீங்களா?"

"புழு அழுகல். குச்சி விட்டா நூல் வருது. உங்க பொட்டியையும் திறந்து பாக்கணும்."

"என் பொட்டியில அப்படி ஒண்ணும் கிடையாது. பொண்ணு குடுத்த வீடாச்சேன்னு பொட்டியும் குடுத்தேன். இப்ப பொட்டியில குறைங்கறீங்க. அடுத்து என்ன, பொண்ணுலயும் குறையா?"

"பொண்ணுகிட்ட ஒரு குறை உண்டு. டீயில சர்க்கரைய மருந்து மாதிரிப் போடுவா. அத தினமும் அவகிட்டயே சொல்லிடறேன், உங்ககிட்டக் கொண்டு வரல. இங்க வந்தது பொட்டிக்காக மட்டும்."

சிரிப்பு வரப் பார்த்தது அவருக்கு. அடக்கிக்கொண்டார். "டாக்டரம்மா உங்களுக்கு என்ன குடுக்கப் போறாங்க? ஆன்டிபயாடிக்தானே? நானும் அதத்தான் போடறேன். டாக்டர் எழுதினா மருந்து, கடிகாரக்காரன் போட்டா விஷமா?"

"அவங்க போட்டுட்டு நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்தினப்புறம் நோய் வருதான்னு பாக்கச் சொல்றாங்க. நீங்க எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தினா செத்துப் போயிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. சுவரில் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு ஓடின.

கண்டக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சில்லறை தேடுகிற பயணிக்கு நேரம் கொடுக்கத் தெரிந்தவர் அவர்.

"அவ போன வருஷம்" என்றார் சம்பந்தி, மேசையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு எதுவுமே ஓடல. மருந்த மறந்துட்டேன். வரிசையாக் காலியாச்சு. மிஞ்சினதுக்கு மருந்து போட்டேன், நின்னுச்சு. அதுக்கப்புறம் மறக்கறதில்ல. இதுங்களும் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு?" பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "உங்ககிட்டப் பொட்டலம் குடுத்தேனே, போட்டீங்களா?"

"போடல. அலமாரியில கிடக்கு."

"அதான்! போட்டிருந்தா..."

"போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. பூசணிக்காய சோத்துல மறைக்கலாம், சம்பந்தி, அது அழுக ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க? நான் ஒண்ணும் பெரிய யோக்கியம் இல்ல. உங்க சட்டத்த உருவி ஊரெல்லாம் பங்கு போட்டது நான்தான். உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. எரிக்கறதும் அப்படித்தான் இருக்கணும்."

அவர் லென்ஸை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வாசற்படி இறங்கும்போது கண்டக்டரம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "வியாழக்கிழமை இருட்டறதுக்குள்ள தீ வைக்கறோம். உங்களுக்கும் இடம் போட்டு வைக்கறேன்!"

மருமகள் அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். டீயில் சர்க்கரை வேண்டுமென்றே தூக்கலாக இருந்தது. கண்டக்டரம்மா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

வியாழக்கிழமை மதியம், கணவர் காலி மனையின் மூலையில் தோண்டினார். இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஏறப் பார்த்தார்.

"இன்னும் அகலமா வெட்டுங்க."

"மூணு பொட்டிக்கு எதுக்கு இவ்வளவு? யானையையா புதைக்கப் போறோம்?"

"இன்னும் ஏற வேண்டியவங்க இருக்காங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். நாற்பது வருஷமாக அந்த முகத்தோடு வாதம் செய்து ஜெயித்ததில்லை. மண்வெட்டியை மறுபடி எடுத்தார். கடையிலிருந்து சீக்கிரம் வந்த மருமகள் குழியின் அளவைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டாள்.

"அப்பா வரலன்னா, அத்தை?"

"வரலன்னா பாதிக் குழி சும்மா கிடக்கும். ஆளில்லன்னு என்னைக்காவது டிரிப்ப நிறுத்தியிருக்கேனா? இன்னைக்கு மூணு போகும். நாளைக்கு மறுபடி வாய்க்காலத் தாண்டிப் போவேன். அடுத்த வாரமும் போவேன். அவர் இறங்கற வரைக்கும் குழிய மூட மாட்டேன்."

மருமகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழியில் இறங்கி மண் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

வெயில் சாய்ந்தது. கடைசித் தேனீயும் உள்ளே போகும்வரை காத்திருந்து மூன்று பெட்டிகளின் வாயையும் அடைத்தார்கள். கணவர் பெட்ரோலை உள்ளே ஊற்றி மூடினார். கொஞ்ச நேரம் உள்ளே இரைச்சல் பெரிதாகி, பிறகு நின்றது. மூவரும் ஆளுக்கொன்றாகக் குழிக்குள் இறக்கினார்கள். ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கணவர் போட்டிருந்த மூலைப் பொருத்து அந்த வெளிச்சத்திலும் கோடு தெரியாமல் இருந்தது. அவர் அதை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்தார்.

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கண்டக்டரம்மா தெருப்பக்கம் பார்த்தார். குழியில் இன்னும் இடம் இருந்தது.

"வைக்கட்டுமா?" என்றார் கணவர்.

"கொஞ்சம் இருங்க."

"யாருக்கும் நிக்க மாட்டியே நீ, மணிக்கு விசில் ஊதுவியே!"

"இன்னைக்கு நிக்கறேன்."

சரக்கு ஆட்டோ ஒன்று தெருவில் திரும்பும் சத்தம் கேட்டது. முன்சீட்டில் டிரைவர், கண்ணைத் தவிர முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால், கயிறு கட்டிய நான்கு பெட்டிகளுக்கு நடுவில், அவற்றின் வாயில் அடைத்த துணி நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

"இவ்ளோ நேரமா?" என்றார் கண்டக்டரம்மா.

"ஒவ்வொரு அறையா லென்ஸ் வெச்சுப் பாத்தேன்." அவர் இறங்கினார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாலுல நூல் வந்துச்சு. மத்ததுல வரல. அதுக்காக நோய் இல்லன்னு சொல்ல முடியாது, மருந்து அடக்கி வெச்சிருக்கும். இடம் இருக்கா?"

"அதுக்குத்தானே அகலமா வெட்டினது" என்றார் கணவர், ஏதோ தன் யோசனை மாதிரி.

மகள் போய் ஒரு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். "காலைப் பாத்து வைப்பா, குழி ஆழம்." அப்பாவும் மகளும் சேர்ந்து இறக்கினார்கள். அந்த நான்கின் வாயிலும் பெட்ரோல் ஊற்றியது சம்பந்தியின் கைதான். தீ உயரமாக எழுந்தது. மெழுகு உருகிச் சடசடத்தது. டிரைவர் தெருவிலிருந்தே, "கொட்டாதுல்ல, கொட்டாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அடங்கியதும் மண் தள்ளி மூடினார்கள்.

அதன் பிறகுதான் நிஜமான வேலை. டாக்டர் இரண்டு வீட்டுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார். பட்டறையில் கணவர் புதுச் சட்டங்களாக அடித்துத் தள்ளினார். பழைய பெட்டிகளின் உள்பக்கம் தீ ஜுவாலை காட்டி, பலகை காப்பிப் பொடி நிறமாகும்வரை கருக்கினார். தரையில் துணி விரித்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி ஓர் உதறு உதறினால் தேனீக்கள் கொத்தாகப் புதுப் பெட்டிக்குள் விழும். "இறங்குங்க, இறங்குங்க, வண்டி மாறணும்!" என்று கண்டக்டரம்மா கத்துவார். பழைய அடைகள் எல்லாம், நல்ல தேன் நிறைந்தவைகூட, தீக்குப் போயின.

மருந்தைப் பொடித்த சர்க்கரையில் கலந்து சட்டங்களின் ஓரத்தில் மட்டும் தூவ வேண்டும், புழு இருக்கும் நடுப்பகுதியில் படக் கூடாது. நுணுக்கமான வேலை என்பதால் அது சம்பந்தியிடம் வந்தது. கடிகாரத் திருகாணி பிடிக்கும் விரல்கள் ஒரு மணிகூட நடுவில் சிந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் கடைசியில் அந்த விரல்கள் கிண்ணத்துக்குத் திரும்பிப் போகும்.

"இன்னும் ஒரு சிட்டிகை?"

"எழுதினது அவ்வளவுதான், சம்பந்தி. மூடுங்க."

மருந்து முடிந்த அன்று அவர் தன் வீட்டிலிருந்த பழைய டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தார். கண்டக்டரம்மா அலமாரியில் கிடந்த பொட்டலத்தை அதன் மேல் வைத்து, இரண்டையும் டாக்டரிடம் ஒப்படைத்தார்.

தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். "இந்த வருஷம் சர்வீஸ் இல்ல" என்று எல்லோருக்கும் ஒரே பதில். ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மிரட்டினார். "தாராளமாப் பாருங்க. அவங்க பொட்டியில குச்சி விட்டுப் பாத்துட்டு ஏத்துங்க" என்று அவருக்கும் சேர்த்துப் பாடம் நடத்திவிட்டு வைத்தார். அந்தப் பருவம் வீட்டில் பட்டறை வருமானம் மட்டும்தான். மருமகள் தன் கடையிலிருந்து கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி ஒன்றை, அத்தையைக் கேட்காமலே கொண்டுவந்தாள். கண்டக்டரம்மா அதைப் போட்டுக்கொண்டு முதல் அடையைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இவ்வளவு நாளா முட்டைங்களப் பாக்காமலேயா குடும்பம் நடத்தினேன்!" என்றார்.

பருவம் மாறி, புதுப் புழு நிறைந்த பிறகு ஒரு காலை இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் திறந்தார்கள். முதலில் இந்தப் பக்கம். அடைகள் இடைவெளியில்லாமல் மூடியிருந்தன. சந்தேகப்பட்ட அறைகளில் குச்சி விட்டார்கள். ஒன்றிலும் நூல் வரவில்லை. கணவர் ஒவ்வொரு பெட்டியாக விரலால் சுண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

பிறகு எல்லோருமாக வாய்க்காலைத் தாண்டிப் போனார்கள். சம்பந்தி தானே திறந்தார், தானே குச்சி விட்டார். ஒன்று, சுத்தம். அடுத்தது, சுத்தம். மூன்றாவதில் அவர் கை நின்றது. முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. குச்சியில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நினைத்திருந்தால் அதை உடைத்துப் புல்லில் போட்டுவிட்டு மூடியிருக்கலாம்.

மகள் "அப்பா" என்று ஆரம்பித்தாள். கண்டக்டரம்மா அவள் கையைப் பிடித்துச் சும்மா இருக்கச் சொன்னார்.

அவர் திரும்பினார். குச்சியைக் கண்டக்டரம்மாவின் புதுக் கண்ணாடிக்கு நேராக நீட்டினார். பழுப்பு நூல் ஒன்று அதில் தொங்கியது.

"சம்பந்தியம்மா, இங்க ஒருத்தர் இறங்கணும்."

கண்டக்டரம்மா நூலைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "சரி. மத்தத முடிங்க, சம்பந்தி. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"

அவர் அந்தப் பெட்டியை மூடி, மேலே ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு, புதுக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தார். கணவர் யாரும் சொல்லாமலே சம்பந்தி வீட்டுக் கொட்டகைக்குள் போய் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.